எட்டாவது காட்டேரியின் சிரிப்பு

'எட்டாவது காட்டேரி' ஓசூரில் மூன்று நாள் ஓடியது. மூன்றாம் நாள் ஓடியதுகூட தியேட்டர்காரருக்கு வேறு படம் கிடைக்காததால்தான். அதில் பேயோட்டும் மந்திரவாதியாக நடித்த வெங்கடசாமி, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிப்பவர். தாடியும் கட்டைக்குரலும் இருந்ததால் கூப்பிட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் படப்பிடிப்பு. ரத்தத்துக்குத் தக்காளி சாஸ். அதில் எறும்பு மொய்த்து, காட்டேரியாக நடித்த பெண் நிஜமாகவே துள்ளினாள். அவளுக்குப் பின்னணி பேசியவருக்கோ சளி. பேயோட்டும் காட்சியில் காட்டேரியின் பெரிய சிரிப்புக்கு நடுவில் 'லொக்' என்று ஒரு இருமல் விழுந்தது. மறுபடி பேசவைக்க யாருக்கும் பொறுமையில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் செத்தது. பேயோட்டும் காட்சியை மட்டும் எந்தப் புண்ணியவானோ வெட்டி, 'ஓசூரில் பேயோட்டும் சாமி' என்று வாட்ஸப்பில் விட்டான். அது சாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெங்கடசாமியின் வீட்டு வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. அஞ்செட்டிப் பக்கம் ராகி விதைக்கும் சென்னப்பன், அவர் மனைவி ருக்மணி, மகள் சுவாதி, மருமகன் ஹரீஷ்குமார் இறங்கினார்கள். சுவாதியைக் காவேரிப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"புருசன் கிட்ட வந்தாவே கத்துது சாமி. தூங்கறதில்ல. ரெண்டு தடவ ஓடியாந்துருச்சு. நீங்க ஓட்டிவுட்டீங்கன்னா இன்னிக்கே மாப்ள கூட்டிக்கிட்டுப் போயிருவாரு" என்று சென்னப்பன் காலில் விழப்போனார்.

"ஐயோ, நான் நடிகனுங்க. அது சினிமா."

"சாமிங்க அப்பிடித்தான் சோதிப்பாங்க" என்று ருக்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹரீஷ்குமார் வெங்கடசாமியைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். "படம்னு எனக்குத் தெரியும் சார். மாமாவுக்கு வீடியோ அனுப்புனதே நான்தான். நாலு வேப்பிலைய ஆட்டி, போயிருச்சுன்னு சொல்லிருங்க. போதும்."

சிரித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. வெங்கடசாமிக்கு அவனைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஆனாலும் பெற்றவர்கள் நிம்மதியாகப் போகட்டும் என்று வேப்பிலை ஒடித்து வந்தார். என்ன புத்தியோ!

சுவாதியை உட்காரவைத்து, படத்தில் கேட்டதையே கேட்டார்.

"யாரு நீ?"

"சுவாதி."

"எங்கிருந்து வர்ற?"

"காவேரிப்பட்டினம்."

"என்ன வேணும்?"

அவள் சுடிதார் கையை மேலே சுருட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. "அங்க போவ மாட்டேன். இவரு சுடறாரு."

"பார்த்தீங்களா சாமி, அதுதான் பேசுது" என்றார் சென்னப்பன். "தானே சுட்டுக்கிட்டு மாப்ள மேல பழி போடுது."

வெங்கடசாமிக்குச் சங்கதி புரிந்தது. இந்தப் பெண் எந்த உண்மையைச் சொன்னாலும் அதைப் பேய் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சரி, சாமியார் சொன்னால் கேட்பார்களே என்று மந்திரவாதிக் குரலை எடுத்தார்.

"காட்டேரி பொண்ணு மேல இல்ல, அந்த வீட்டுல இருக்கு! இவ அங்க கால் வெச்சா ரத்தம் கக்கிச் சாவா. அனுப்பாதீங்க!"

சென்னப்பன் நடுங்கிக் கும்பிட்டார். ஹரீஷ்குமாரின் சிரிப்பு நின்றது. போனில் முழுப் படத்தையும் திறந்து, டைட்டிலில் பேர் வருவதையும், மந்திரவாதியின் ஜடாமுடி விக் கழன்று விழுவதையும் மாமனாருக்குக் காட்டினான். "பெயின்ட் அடிக்கறவன் மாமா. ஒங்கள ஏமாத்தறான்."

நடிகன் என்று முதலில் சொன்னபோது நம்பாத மனிதர் இப்போது நம்பினார். துப்பாத குறைதான்.

"அந்தப் பொண்ணு கையப் பாருங்கய்யா!" என்று வெங்கடசாமி கத்தினார். யாரும் பார்க்கவில்லை.

ஹரீஷ்குமார் சுவாதியின் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தான். கார்க் கதவருகே அவள் நின்றாள். பின்னலை அவிழ்த்தாள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரிப்பின் நடுவில் 'லொக்' என்று ஒரு இருமல்.

வெங்கடசாமிக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வீடியோவை அவளை உட்காரவைத்து எத்தனை தரம் போட்டுக்காட்டியிருப்பார்கள்! இருமலோடு சேர்த்து மனப்பாடம் செய்திருக்கிறாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

படம் என்று தெரிந்தவன்தான் முதலில் கையை விட்டான். "இத வெச்சுக்கிட்டு என்னால ஆவாது மாமா" என்று காரின் அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டான்.

"இப்பிடியே எப்பிடி அனுப்பறது" என்றார் சென்னப்பன்.

மற்ற மூவரும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போன வெங்கடசாமி, ருக்மணியிடம் தன் நம்பரைக் கொடுத்தார். பெண் பிழைத்துக்கொண்டாள் என்று மனசார சந்தோஷப்பட்டார்.

ஆடி மாதம் ருக்மணி போன் செய்தாள்.

"மாப்ள வீட்டாளுங்க அப்பப்ப பார்க்க வந்தாங்க. கார் சத்தம் கேட்டாப் போதும், தலைய விரிச்சுப்புட்டு சிரிக்கும். அவங்களும் திரும்பிருவாங்க. நடிப்புன்னு எனக்குத் தெரியும்ங்க, பெத்தவளுக்குத் தெரியாதா? பேசாம இருந்துட்டேன்."

"நல்லதுதானம்மா பண்ணுனீங்க."

"இப்ப அவங்க வர்றதே இல்ல. அத்து வுட்டுட்டாங்க. இனி வேணாம் கண்ணு, நிறுத்திருன்னு சொன்னேன். நிறுத்த மாட்டேங்குது. நீங்களே கேளுங்க."

போனை எங்கோ நீட்டினாள். வெங்கடசாமி காதில் அழுத்தி வைத்துக் கேட்டார். சிரிப்பு ஏறிக்கொண்டே போய், அந்த இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருமலுக்காகக் காத்திருந்தார்.

இருமல் வரவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.