நாலு நிமிடப் பாட்டு

தையல்காரி ஆயுளில் ஒரே ஒரு முறை டிவியில் பாடியிருந்தாள், நாலு நிமிடம். செட்டாப் பாக்சில் பதிந்து வைத்திருந்த அந்தப் பாட்டை, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே போட்டுக் காட்டுவாள். பெட்டி திடீரென்று செத்துப்போனபோது அவளைவிட அதிகமாகக் குதித்தவர் கணவர்தான். "என் பொண்டாட்டி பாட்டு போச்சே, யாரு பதில் சொல்றது?" என்று போனில் கம்பெனிக்காரர்களை உண்டு இல்லை என்று ஆக்கினார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பாசமா என்று அவள் உருகிப்போனாள்.

மெக்கானிக் வந்து பெட்டியைப் பிரித்தான். "பவர் சப்ளைதான் போயிருக்குக்கா. பதிஞ்சதெல்லாம் பத்திரமா இருக்கும்."

"எதுக்குப்பா வீண் வேலை? புதுப் பெட்டியே மாட்டிடு," என்று கணவர் அவசரப்பட்டார். அதற்குள் பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது.

திரையில் பட்டியல் விரிந்தது. கணவர் பதிந்து வைத்த நாற்பத்தொரு கால்பந்து மேட்ச்; பெட்டியில் இனி இடமே இல்லை. கடைசி மேட்ச், பெட்டி சாவதற்கு முந்தின நாள் பதிந்தது. பாட்டைக் காணோம்.

"பெட்டிதான் அழிச்சிருக்கும்," என்றார் கணவர்.

"அது தானா அழிக்காதுண்ணே. நாம அழிச்சாக்கூட, நிச்சயமா நிச்சயமான்னு ரெண்டு தடவை கேட்கும்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் எதற்காக அழுதது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது தடவை கேட்டப்பவாவது என் மூஞ்சி ஞாபகத்துக்கு வரலியா?"