மில் தெரு மூடி

செஞ்சி மில் தெருவின் நடுவில் கிடக்கும் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தானாக எழுந்து ஓர் ஆள் உயரத்தில் நிற்கும். கீழே தூண் கிடையாது, மேலே கயிறு கிடையாது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, எழுந்த மாதிரியே நிதானமாக இறங்கிக் குழியின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வருஷம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, நல்ல விலை இருந்தது, ராஜகிரி பார்க்க வருகிற வெளியூர்க் கூட்டமோ கோட்டையைத் தவிர வேறெதையும் பார்க்காமல் பஸ் ஏறிவிடும். அதனால் சேதி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. விழுப்புரத்திலிருந்து ஓர் என்ஜினியர் மட்டும் வந்தார். மூடியின் மேல் நெல் மூட்டைகளை அடுக்கச் சொன்னார், மூட்டைகளோடு எழுந்தது. நாலு ஆட்களை ஏறி உட்காரச் சொன்னார். அவர்களையும் சுமந்துகொண்டு எழுந்தது. வாயு அழுத்தம் என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். குழிக்கும் மூடிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவியவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. டவுன் பஸ் டிரைவர்கள் ஒடித்துத் திருப்பிப் போகப் பழகிக்கொண்டார்கள். வெயில் நேரத்தில் அதன் நிழலில் ஆடுகள் வந்து படுத்தன. நம் ஜனங்களுக்கு எதையும் பழகிக்கொள்ள ஒரு மழைக்காலம் போதும்.

மூடி எழத் தொடங்குவதற்கு முன்பு, அந்தக் குழியில்தான் அன்புச்செல்வன் செத்தான். ஐ.டி.ஐ. முடித்தவன், சாக்கடை நீரேற்று நிலையத்தில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலை. குழியில் இறங்குவது அவன் வேலையே இல்லை. குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டமும் இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ‘அமைதி’ என்று எழுதி வைத்திருப்பது போல. அன்றைக்கு வாய்க்குழாயில் ஒரு கிழிந்த சாக்கு அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் சாக்கடை வழிந்தது. அடைப்பு எடுக்கும் வண்டி எங்கேயோ ரிப்பேரில் நின்றது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிள்ளைகள் இதை மிதித்துக்கொண்டு வரும் என்று நினைத்தானோ என்னவோ, மூடியைப் பாதி நகர்த்திவிட்டுக் கைலியை மடித்துக் கட்டி இறங்கினான். அதே சமயம் தெருக்கோடியில் இருந்த புழுங்கலரிசி மில்லில் ஊறல் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். நெல் ஊறிப் புளித்த மஞ்சள் தண்ணீர், ஆவி பறக்க, குழாய்க்குள் ஏற்கெனவே அழுகிக் கிடந்ததையும் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. வெளியே நின்றவர்கள் பார்த்தது, பாதி திறந்த மூடியை உள்ளிருந்து பிடித்திருந்த ஒரு கையை மட்டும்தான். பிறகு அந்தக் கையும் இல்லை. விஷவாயு என்று எழுதினார்கள். வாயுவுக்கு முதலாளி கிடையாதே, அதனால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவன் பெண்டாட்டி மீனம்பாள் வேதியியல் படித்தவள், அதுவரை ஜெராக்ஸ் கடையில் நின்றவள். கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். என்ன வேலை என்று கேட்டால் வயிறு எரியும். மில்களும் பட்டறைகளும் பொதுச் சாக்கடையில் விடுகிற தண்ணீரை மாதம் ஒருமுறை பிடித்து, சூடு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று பார்க்க அனுப்புகிற வேலை. புருஷனைக் கொன்ற தண்ணீரை மொண்டு பார்த்துச் சம்பளம் வாங்குகிற கொடுமை வேறு யாருக்காவது வாய்த்திருக்குமா? வாய்த்தது. ஒரு பிள்ளை இருக்கிறதே என்று அவளும் போய்ச் சேர்ந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மூடி எழும் நேரத்தில் அவள் அந்தத் தெருவில் இருந்தாள். மற்றவர்கள் மூடியைப் பார்த்தார்கள். அவள் உயரத்தைப் பார்த்தாள். அன்புச்செல்வனின் உச்சந்தலை எங்கே நிற்குமோ அங்கே நின்றது அது. அவள் பக்கத்தில் போனதும் லேசாக இடது பக்கம் சாய்ந்தது. யார் என்ன சொன்னாலும் தலையை இடது பக்கம் சாய்த்துக் கேட்பது அவன் வழக்கம், கல்யாண போட்டோவில்கூடத் தலை அப்படித்தான் இருக்கும். “மாமா” என்றாள். மூடி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. அதற்கப்புறம் தெருவே பார்க்க உட்கார்ந்து அழுதாள். யாரும் வந்து தூக்கவில்லை, தூக்குவதற்கு யாருக்கும் முகம் இல்லை.

எப்போது எழுகிறது, ஏன் எழுகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. மில்லில் ஊறல் தண்ணீரைத் திறக்கும்போதெல்லாம் மூடி எழுந்தது. திறக்காத நாளில் எழவில்லை. மில்லுக்கு லீவு விட்ட பொங்கல் வாரம் முழுக்க அது சாதாரண இரும்பாகக் கிடந்தது, அந்த வாரம் அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். மில் வேலை தொடங்கிய அன்று மகள் நிலா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, “எம்மா, நைனா எழுந்துக்கிச்சு!” என்றாள். போட்டது போட்டபடி இருவரும் ஓடினார்கள். ரேஷனில் துவரம்பருப்பு போடவில்லை என்பதிலிருந்து, நிலாவின் முன்பல் விழுந்தது வரைக்கும் மூடியிடம் சொன்னார்கள். அது சாய்ந்து கேட்டுக்கொண்டது. தெருவில் அந்த நேரத்தில் டீக்கடை ரேடியோவைக் குறைத்து வைக்கிற வழக்கம் அப்போதுதான் வந்தது.

இங்கேதான் மீனம்பாள் தப்பு செய்தாள். அதைத் தப்பு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்பது வேறு விஷயம். மில்லுக்குச் சாம்பிள் எடுக்கப் போவதற்கு முதல் நாள் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது அந்த ஆபீசில் அவளுக்கு முன்பிருந்தே இருந்த மரியாதை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பது மாதிரி. இவள் வந்ததும் அந்த வழக்கத்தை ஒழித்துக்கட்டுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளோ அதைத் தவறாமல் செய்தாள். “அண்ணே, நாளைக்கு வர்றேன்” என்பாள். மில் முதலாளி சுந்தரமூர்த்தி போர்வெல் தண்ணீரைத் திறந்துவிட்டு வைப்பார். அவள் அந்தத் தெளிந்த தண்ணீரைப் பிடித்து அனுப்புவாள், எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று பதில் வரும். விதிப்படி இருந்தால் மில் ஓடும், மில் ஓடினால் தண்ணீர் திறப்பார்கள், தண்ணீர் திறந்தால் அவன் எழுவான். இதுதான் அவள் கணக்கு. சந்தோஷத்தில் சுந்தரமூர்த்தி ஒரு சிப்பம் பொன்னி அரிசி கொடுத்தனுப்பினார். அவள் அதைத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். லஞ்சமும் வாங்காமல் பொய்யும் சொல்கிற ஒருத்தியை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. ஊருக்கும் விளங்கவில்லை. புருஷன் சாவை விற்றுவிட்டாள் என்று வாய் கூசாமல் பேசினார்கள். கேட்டுக்கொண்டு போனாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. சங்கராபரணி ஆற்றில் ஒருமுறை வெள்ளம் வந்து வடிந்தது, நிலாவுக்கு முன்பல் முளைத்தது, அன்புச்செல்வனின் தம்பி எழிலுக்குக் கல்யாணம் ஆகி அவன் பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். எழில், சாக்கடை வேலைகள் எடுத்துச் செய்கிற ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ சினிமாவுக்குப் போவதைச் சொல்வது போல, புதன்கிழமை மில் தெருக் குழியில் இறங்கப் போவதாகச் சொன்னான். அடியில் தடுப்புச் சுவர் சரிந்து கிடக்கிறதாம், வண்டியை வைத்து எடுக்க முடியாதாம்.

மீனம்பாள் கரண்டியைக் கீழே போட்டாள். “இன்னா சொல்ற எழிலு? உங்கண்ணன் எங்க செத்தாரு, மறந்துட்டியா?”

“மறப்பனா அண்ணி? அப்போ தண்ணி கெட்டுப் போயிருந்துச்சு. இப்பதான் நல்லா இருக்குதே.”

“எவன் சொன்னான்?”

“நீதான் எழுதிக் குடுத்திருக்கியே. ஆபீஸ்ல ஒட்டி வச்சிருக்குறாங்க. அத்த நம்பிதான் ஒத்துக்கினேன்.”

சொல்லிவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். அவள் ஊற்றினாள். ரசப் பாத்திரத்திலிருந்து எடுத்து ஊற்றினாள், அவன் அதையும் சாப்பிட்டான். அண்ணி மேல் அவ்வளவு நம்பிக்கை. அடிப்பாவி, அடிப்பாவி என்று அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டது அடுப்படிச் சுவருக்குத்தான் கேட்டிருக்கும்.

மறுநாள் அவள் யாருக்கும் போன் போடவில்லை. கயிறு கட்டிய கேனையும் ஐஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு காலையிலிருந்தே மில் தெருவில் உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயிலில் மூடி எழுந்தது. நிழலுக்கு வந்த ஆடுகள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன. இந்தத் தடவை அவள் மூடியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிக்கு முகம் ஏது என்று கேட்காதீர்கள், அவளுக்கு இருந்தது. “மாமா, இன்னிக்கு எடுக்கப் போறேன். எடுத்தா மில்ல நிறுத்துவாங்க. நீ வர மாட்ட. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எழிலு எறங்கறேன்னு நிக்கிறான் மாமா, நான் இன்னா பண்ணட்டும்?” என்றாள். மூடி இடது பக்கம் சாய்ந்து கேட்டது. வெகு நேரம் கேட்டது. அவள் கேனைக் குழிக்குள் இறக்கினாள். அது தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டது. இழுத்தபோது கயிற்றில் கனமே இல்லை. தவறிப் போயிற்றோ என்று எட்டிப் பார்த்தாள். கழுத்து வரை நிறைந்த கேன், மஞ்சள் தண்ணீர் தளும்பாமல், யாரோ அடியில் கை கொடுத்து ஏந்தித் தருவது போல மேலே வந்துகொண்டிருந்தது. அவள் கைக்கு எட்டும் தூரம் வந்ததும் நின்றது. அவள் வாங்கிக்கொண்டாள்.

பதில் வந்த அன்றே மில்லுக்குச் சீல் வைத்தார்கள். பழைய தாள்கள் பொய் என்று அவளே எழுதிக் கொடுத்ததால் அவளுக்கும் சம்பள உயர்வை நிறுத்தி, ஊர் பார்க்க ஒரு விசாரணையும் வைத்தார்கள். அதையும் கேட்டுக்கொண்டு போனாள். எழில் இறங்கவில்லை. சுந்தரமூர்த்தி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமாக வந்தவர் நிற்கும்போதே உடைந்துவிட்டார். மூன்று தலைமுறையாக நெல்லோடு இருக்கிற குடும்பம். “நெல்லு ஊறுன தண்ணிம்மா அது. சாயமா, ஆசிட்டா? கழுனித் தண்ணி மாதிரிதானேன்னு இருந்துட்டேன். மாடு குடிக்கிற தண்ணி ஆளக் கொல்லும்னு யாருமா நெனப்பாங்க?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நம் பக்கத்தில் அரிசி பட்ட தண்ணீரைக் கீழே கொட்டவே மனசு வராது. மீனம்பாள் அவரை உட்காரச் சொல்லி, மாடு குடிப்பது அன்றன்றைக்குக் கழுவிய தண்ணீர் என்றும், நாள் கணக்கில் சூட்டோடு ஊறியது மூடிய குழாய்க்குள் அழுகினால் மூச்சை நிறுத்துகிற காற்றாகும் என்றும் பொறுமையாகச் சொன்னாள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, “அப்போ நான்தான் கொன்னேனா?” என்றார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. சுந்தரமூர்த்தி நிலத்தை விற்று, தண்ணீரை ஆற வைத்துத் தெளிய வைத்து விடுகிற தொட்டிகள் கட்டினார். கட்டி முடித்தபோது மில் திறந்தது.

மூடி எழவில்லை. பழைய கசடு குழாயில் இருந்த மாதங்களில் மட்டும் எப்போதாவது ஒரு சாண் உயரும், பிறகு விரல் நுழைகிற அளவு, பிறகு அதுவும் இல்லை. நிலா கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தாள், பிறகு நேராக வீட்டுக்கு வரத் தொடங்கினாள். மீனம்பாள் மாதாமாதம் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சாம்பிள் எடுத்தாள். அடைப்பு எடுக்கும் புது வண்டியை ஓட்டுகிற எழில்தான் கம்பி போட்டு மூடியைப் புரட்டிக் கொடுப்பான். அப்போதும் கேன் கனமில்லாமல்தான் மேலே வந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாதத்தில் அந்த ஒரு நாளுக்குத் தலைக்குக் குளித்துவிட்டுப் போவாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் அவள் கயிற்றை இழுத்தபோது கை கீழே போயிற்று. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தண்ணீர் தெளிவாக, சூடில்லாமல், வாடையில்லாமல் இருந்தது. பாதியில் அவளால் முடியவில்லை. எழில் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தான். “இன்னா அண்ணி, என்னிக்கும் நீயே தூக்கிடுவ. இவ்ளோ கனக்குது?”

“தண்ணின்னா கனக்கும் எழிலு” என்றாள் மீனம்பாள்.

கேனை ஐஸ் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, குழியின் மேல் மூடியையும் போட்டதும், அவள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது வல்லம் போகிற டவுன் பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் என்ஜினை நிறுத்தினார். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போன பிறகுதான் வண்டியை எடுத்தார். தரையோடு தரையாகக் கிடந்த மூடியை ஒடித்துச் சுற்றிக்கொண்டு போயிற்று பஸ். இன்றைக்கும் மில் தெருவில் எல்லா வண்டியும் அப்படித்தான் போகிறது.