எதிர்ச்சுற்று

இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிய மனிதர் ஓய்வு பெற்றதும் என்ன ஆசைப்படுவார்? காசி, ராமேஸ்வரம் என்பார்கள். ராமகிருஷ்ணனோ, ரெண்டு பேருக்கு மேல் யாரும் ஏறவே முடியாத வண்டி ஒன்று வேண்டும் என்றார். படியில் தொங்குகிறவன் கிடையாது, சில்லறைச் சண்டை கிடையாது, "உள்ள போ, உள்ள போ" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. மேலே கூரைகூட இல்லாத அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். விஷயம் தெரிந்து கீழ்பென்னாத்தூரே சிரித்தது.

அவர் மனைவி வள்ளி மட்டும் சிரிக்கவில்லை. ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் கழித்துக் கைக்கு வந்த பணத்தில் மாடி எழுப்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தவள் அவள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வாங்கித் தொலைங்க. வண்டி விஷயத்துல நீங்க ஏமாந்ததா யாரும் சொன்னதில்ல" என்று விட்டுக்கொடுத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த நம்பிக்கைக்குத்தான் அவர் பயந்தார்.

டெப்போவில் மெக்கானிக்குகளே அவரைக் கூப்பிட்டு இன்ஜினைக் கேட்கச் சொல்வார்கள். பானெட்டைத் திறக்காமலே வியாதியைச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுகளில் வலது காது போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த லாரிகளின் ஹாரனையெல்லாம் வாங்கிக்கொண்ட காது. டாக்டர் மெஷின் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த சீட்டு, ரெண்டு வருஷமாக லைசென்ஸ் கவருக்குள் மடிந்து கிடந்தது. வள்ளியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. பழைய வண்டியை வாங்குவது பெரிதல்ல. அதைக் காப்பாற்ற அது முனகுவதும் இருமுவதும் கேட்க வேண்டும். அது கேட்காதவனுக்கு அந்த வண்டி எதற்கு? இந்தக் கேள்வியை வேறு யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் மனிதர் செத்துச் செத்துப் பிழைத்தார்.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, அறிவுச்செல்வனின் ஷெட் இருந்தது. காபி கடை வைத்து வெள்ளைக்காரர்களிடம் சம்பாதிப்பதைப் பழைய கார்களில் கொட்டுகிற ஆள். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரே மாதிரி இரண்டு கார்களை வாங்கி வந்திருந்தான். ஒன்று சிவப்பு, புது பெயின்ட் பளபளத்தது. மற்றது பச்சை, பெயின்ட் வெளுத்துப் போய், சீட்டில் தையல் விட்டிருந்தது.

"ஒண்ண நான் வெச்சுக்கறேன், ஒண்ண குடுக்கறேன். எதுன்னாலும் ஒரே விலைதாண்ணா. ஓட்டிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றான்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது? இதெல்லாம் ஒரு கேள்வியா? சிவப்பு வண்டியில் வள்ளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மலையை வலப்பக்கம் வைத்து, கிரிவலப் பாதையை ஒரு சுற்று சுற்றி வந்தார். வள்ளி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு லிங்கத்துக்கும் கும்பிடு போட்டாள். வண்டி வெண்ணெயாக ஓடியது. பிறகு பச்சையில் ஒரு சுற்று. அதில் இன்ஜினிலிருந்து டிக்டிக் என்று ஓயாத சத்தம். நல்ல காதுக்கு அது தெளிவாகவே கேட்டது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிவப்பு ஓசையில்லாமல் ஓடுகிறது, பச்சை சத்தம் போடுகிறது. இதைச் சொல்ல ஒரு காது போதாதா? "சிவப்பையே முடிச்சுக்கலாம் தம்பி" என்று அட்வான்ஸ் கவரை எடுத்தார்.

"நல்லதுண்ணா. இதுக்கு முன்ன நாலு பேரு ஓட்டிப் பாத்தாங்க. எல்லாரும் உங்கள மாதிரி கிரிவலம் வந்துட்டுதான் சிவப்பு நல்லா இருக்குனாங்க, விலைதான் படியல" என்றான் அறிவுச்செல்வன்.

கவரை நீட்டிய கை அப்படியே நின்றது. நாலு பேரும் கிரிவலம். நாலு பேரும் வலப்பக்கமே வளைந்திருக்கிறார்கள். பஸ் வலப்பக்கம் திரும்பினால் ஜனங்கள் இடப்பக்கம் சாய்வார்கள். பாரம் முழுக்க இடது சக்கரங்களில் விழும். அப்படியானால் இந்த வண்டியின் வலது சக்கரங்களை இதுவரை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை. பக்தி முற்றி ஐந்து பேரும் பாதி வண்டியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது.

"வள்ளி, ஏறு. எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வரலாம்."

"அய்யய்யோ, அப்பிரதட்சிணமாவா? வேற ரோடே இல்லியா?"

"இதே ரோட்டுல பாத்தாதான் வித்தியாசம் தெரியும். வண்டிதான சுத்துது, நாமளா சுத்தறோம்?"

வள்ளி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணாமலையாரே, வண்டி பாக்கத்தான் போறோம், வேற ஒண்ணும் இல்ல. கோச்சுக்காதப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

ஊர் நெரிசலைக் கடந்து, குபேர லிங்கத்தையும் தாண்டியதும் பாதை இடப்பக்கம் வளைய ஆரம்பித்தது. ராமகிருஷ்ணன் வேகத்தைக் கூட்டினார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா என்று இருந்தது.

"என்னாங்க இது, உய்ங்குனு ஒரு சத்தம்? வளைவுல ஜாஸ்தி ஆவுது, நேரா போனா கம்மி ஆயிடுது" என்றாள் வள்ளி.

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தான். உங்க சீட்டுக்குப் பின்னாடி. கேக்கலியா உங்களுக்கு?"

"கேக்காம என்ன, கேக்குது" என்றார் அவசரமாக.

கொஞ்ச தூரம் போனதும் வள்ளி அவர் பக்கம் திரும்பினாள். "இப்பவும் வருதா?" என்றாள்.

"ம். வந்துகிட்டேதான் இருக்கு."

"அது நின்னு எவ்ளோ நேரம் ஆவுது."

அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்காமல், "வலது காது போச்சு வள்ளி. ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அவர் பயந்ததெல்லாம் அவள் அழுவாள், அல்லது மாடியைச் சொல்லிக் குத்திக் காட்டுவாள் என்று. வள்ளிக்கு வந்தது கோபம்.

"ரெண்டு வருஷமா கட்டில்ல உங்க வலப்பக்கம் படுத்துக்கினு பேசறேன். ஒரு வார்த்த பதில் இல்ல. ரிடையர் ஆனதும் என்மேல இருந்த இஷ்டமும் ரிடையர் ஆயிடுச்சுனு நெனச்சேன். எத்தன நாளு செவுத்துப் பக்கம் திரும்பி அழுதிருக்கேன், தெரியுமா? காது கேக்கலனு சொன்னா குடியா முழுவிடும்?"

ராமகிருஷ்ணனுக்குத் தலை நிமிரவில்லை. டிரைவர் என்ற பெயர் போய்விடும் என்று பயந்தவருக்கு, வீட்டில் எது போய்க்கொண்டிருந்தது என்று தெரியாமல் போயிற்றே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்புதான்" என்றார். இத்தனை வருஷ வாழ்க்கையில் அந்த வார்த்தையை அவர் சொல்லி வள்ளி கேட்டதில்லை.

அந்தச் சத்தத்தை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. அவர் இறங்கி, டிக்கியிலிருந்து ஜாக்கியை எடுத்து, வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திருகினார். சக்கரம் எழவில்லை. வண்டியின் அடித்தகடுதான் அப்பளம் போல நொறுங்கி உள்ளே போனது. புது பெயின்டுக்கு அடியில் முழுக்கத் துரு. வள்ளி கேட்டது சக்கரத்துப் பேரிங் தேய்ந்த சத்தம்; அது மட்டும் என்றால் அரை நாள் வேலை. இது வண்டியின் முதுகெலும்பே செல்லரித்த கதை.

மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து காட்டியபோது அறிவுச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனும் பெயின்டைப் பார்த்து ஏமாந்தவன்தான். ராமகிருஷ்ணன் பச்சை வண்டியின் அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு இடமாகத் தட்டிப் பார்த்தார். எங்கும் கெட்டியான இரும்பு. டிக்டிக் சத்தம் வால்வு இடைவெளி கூடியதால். அதைச் சரிசெய்வது அவருக்குக் கைவந்த வேலை.

இருந்தும், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "வண்டி நல்ல வண்டி தம்பி. ஆனா எனக்கு வேணாம். காது கேக்காதவன் இத வெச்சுப் பாழாக்கறதவிட, மாடியே கட்டலாம்" என்றார். முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் அதைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வள்ளி பச்சை வண்டியின் இடப்பக்கச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். "மாடியில ஏறிப் போயி யார்கிட்ட பேசறது? அட்வான்ஸ குடுங்க. எந்தச் சத்தம் எதுனால வருதுனு சொல்லிக் குடுங்க, நான் கேட்டுச் சொல்றேன். நாளைக்கு டாக்டராண்ட போயி மெஷினும் வெச்சுக்கறோம்."

"வண்டிச் சத்தத்த நீதான் கேட்டுச் சொல்றேனு சொல்லிட்டியே. அப்புறம் மெஷின் எதுக்கு?"

"வண்டிக்கா வெக்கச் சொன்னேன்? நான் கூப்பிட்டா நீங்க திரும்பணும்."

ராமகிருஷ்ணன் கவரை அறிவுச்செல்வன் கையில் கொடுத்தார். "வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போயிப் பாருங்கண்ணா, பேப்பரெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்" என்று அவன் சாவியை நீட்டினான்.

அந்த வண்டியில் அவள் சீட்டு அவருடைய நல்ல காதுப் பக்கம். கீழ்பென்னாத்தூர் வரை வள்ளி வாய் ஓயவில்லை. ரெண்டு வருஷமாகப் பதில் வராத கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டாள். அவர் ஒன்றுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.