செகண்டுக்காரர் எடுத்த பாட்டு

என் கணவர் சாக்ஸபோன் வாசிப்பார் என்று சொன்னால் எல்லோரும் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "என்ன பாட்டு வாசிப்பாரு?" இதற்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை. அவர் பாட்டு வாசிப்பதில்லை. பாட்டுக்குக் கீழே வாசிப்பார்.

எங்கள் காரைக்காலில் அரசலாறு பேண்டு என்று ஒன்று உண்டு. கல்யாண ஊர்வலம், மாதா கோவில் தேர், தர்கா கந்தூரி, பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் கொண்டாடுகிற ஜூலை பதினாலு, எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. என் வீட்டுக்காரர் இளையபெருமாள் மின்துறையில் இருந்தார். பேண்டில் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு இரண்டு ஆள். ஒருவர் ஃபர்ஸ்ட், ஒருவர் செகண்ட். மெட்டு முழுக்க ஃபர்ஸ்டுக்குப் போய்விடும். செகண்ட் கொஞ்சம் கீழே நின்று அதைத் தாங்கும். நடுவில் சும்மா நிற்கும், ஒரு இழுப்பு இழுக்கும், மறுபடி நிற்கும். என் வீட்டுக்காரர் சேர்ந்த நாளிலிருந்து செகண்ட்.

கல்யாணமான புதிதில் ஒரு ஊர்வலத்துக்கு அவரைப் பார்க்கவே போனேன். வீட்டுக்கு வந்ததும், "உங்க சத்தம் எதுன்னே தெரியலயேங்க" என்றேன்.

"தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் தப்பா வாசிக்கிறேன்னு அர்த்தம்" என்றார், பெருமையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் அவர் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் குளித்துவிட்டு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, நோட்ஸைக் கிளிப் போட்டு மாட்டிச் சாதகம் பண்ணுவார். வேளாண்துறை ஆபீஸிலிருந்து வந்து நான் அடுப்பைப் பற்றவைக்கிற நேரமும் அதுதான். இப்படிக் கேட்டுக் கேட்டு, ஊரில் எல்லோரும் ஒரு பாட்டை ஒரு விதமாகப் பாடினால், நான் அதற்குக் கீழே இருப்பதைப் பாடுகிறவள் ஆகிவிட்டேன். ஆபீஸில் பைல் அடுக்கும்போதுகூட அதுதான் வாயில் வரும். பக்கத்து சீட் சுகிர்தா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "இது என்ன பாட்டுக்கா, பாதியில பாதியில நிக்குது?"

"எங்க வீட்டுப் பாட்டு இப்படித்தான்" என்றேன்.

பேண்டில் ஒரு வழக்கம். அறுபது முடிந்தவர் ஊர்வலத்தில் நடக்க வேண்டாம். உட்கார்ந்து வாசிக்கிற கச்சேரிக்கு வந்தால் போதும். அந்த மாதம் கடற்கரையில் நடக்கிற கச்சேரியில் அவர் எழுந்து ஒரே ஒரு பாட்டு தனியாக வாசிக்க வேண்டும். துணைக்கு கீபோர்டு, டிரம்ஸ் எதுவும் கிடையாது. எந்தப் பாட்டு என்பதை அவரேதான் எடுக்க வேண்டும், பேண்டு மாஸ்டர் வாயே திறக்க மாட்டார். டிரம்பெட் மருதையன் வாசித்தபோது டீக்கடையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு.

இந்த வருடம் என் வீட்டுக்காரர் முறை. வாழ்க்கையில் முதல் தடவையாக மெட்டு அவருக்கு வரப்போகிறது. அவரைவிட எனக்குத்தான் அதில் ஆசை. அதை மறைத்து வைக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது. என் புருஷன் வாசிப்பதை ஊர் ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் பெண் முத்தமிழ் முதல் பாட்டை போனில் அனுப்பினாள். பாரதியார் சாலையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். அழகான மெட்டுதான். ஆனால் இரண்டு வரி வாசிப்பதற்குள் அவர் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. நோட்ஸை மேலும் கீழுமாகத் துழாவினார்.

"மூச்சு விட ஒரு எடங்கூட வைக்கலியே ராசாத்தி, பாவி."

முத்தமிழைக் கூப்பிட்டோம். அவள் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ அப்பா, அது வயலினுக்கு எழுதுனதுப்பா."

"வயலின்காரருக்கு என்ன, கைக்கு வேலை குடுத்துட்டு மூக்கால மூச்சு வுட்டுக்கிட்டு இருப்பாரு" என்றேன் நான். அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஊதுகிறவருக்குப் பாட்டு எடுப்பதென்றால் மெட்டைப் பார்த்தால் போதாது. எங்கே மூச்சு எடுக்கலாம் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் எந்த நோட்ஸை எடுத்தாலும் முதலில் பென்சிலால் மூச்சுக்கு டிக் போட்டுக்கொண்டே போவார். டிக் போட முடியாத பாட்டு திரும்பப் பைக்குள் போய்விடும்.

இரண்டாவது பாட்டை அவரே எடுத்தார். புதுச்சேரியிலிருந்து புத்தகமாக வரவழைத்தது. பக்கம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி கறுப்பு. மூச்சுக்கு இடம் இருந்தது, ஆனால் சத்தம் உச்சிக்குப் போய் அங்கேயே நிற்க வேண்டும். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மருதையனைவிட ஒரு பிடி மேலே போக வேண்டும், அவ்வளவுதான். செகண்ட் அவ்வளவு மேலே போனதே இல்லை, உதடு பழகவில்லை. மூன்று நாள் அந்த உச்சியில் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு ராஜம் அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மிக்சி ரிப்பேரா ராசாத்தி?" என்று கேட்டாள். அந்தப் புத்தகமும் உள்ளே போனது.

மூன்றாவது, நான் எடுத்துக் கொடுத்தது. பேண்டின் முதல் மாஸ்டர் எப்போதோ எழுதிய கடற்கரை வால்ட்ஸ். மூன்று மூன்று அடியாக, ஊஞ்சல் ஆடுகிற மாதிரி மெதுவாக வரும். ஒவ்வொரு கச்சேரியையும் அதில்தான் முடிப்பார்கள். மூச்சுக்குத் தாராளமாக இடம் உண்டு, உச்சிக்கும் போக வேண்டாம், ஊருக்கெல்லாம் தெரிந்த மெட்டு. அவரும் நூறு தடவை வாசித்தது. இதைவிட என்ன வேண்டும்?

அங்கேதான் தப்பு. நூறு தடவையும் அவர் வாசித்தது செகண்ட்.

ஃபர்ஸ்ட் நோட்ஸை எதிரில் வைத்து ஆரம்பிப்பார். முதல் இரண்டு வரி மெட்டு சுகமாக வரும். மூன்றாவது வரியில் கண் ஃபர்ஸ்டைப் பார்த்துக்கொண்டிருக்க, விரல்கள் பழைய இடத்துக்குப் போய்விடும். வலது கையின் மூன்று விரலும் ஒன்றாகக் கீழே அழுந்தும், செகண்ட் வந்துவிடும். நிறுத்தி, தலையில் தட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வருவார். மறுபடி அதே மூன்றாவது வரி. தெரியாத பாட்டை வாசிக்க முடியவில்லை. தெரிந்த பாட்டை வாசிக்க விரல் விடவில்லை.

ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒரு சாயங்காலம் ஸ்டாண்டை மடக்கிவிட்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"காதர் பாட்சா பாய்க்குப் போன் பண்ணிட்டேன். பல்லு வலி, வாசிக்க முடியாதுன்னுட்டேன். சால்வ மட்டும் போடச் சொல்லியிருக்கேன்."

காதர் பாட்சா பாய்தான் மாஸ்டர். என் கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"பல்லு வலியா? நேத்து எலும்பு கடிச்சப்ப வலிக்கலயா?"

"கத்தாத ராசாத்தி. எனக்குப் பயமா இருக்கு" என்றார். மின்கம்பத்தின் உச்சியில் மழையில் நின்று வேலை பார்த்த மனுஷன் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இத்தன நாளும் பயமில்லாம வாசிச்சேன். ஏன் தெரியுமா? என்னைய ஒருத்தரும் கேக்கலங்கிற தைரியம். இப்ப அத்தன பேரும் கேப்பாங்க. நடுவுல செகண்ட் வந்துடுச்சுன்னா? இவன் கடைசி வரைக்கும் செகண்டுதான்னு ஆயிடும்."

"ஒருத்தரும் கேக்கலன்னு யாரு சொன்னா? நான் கேக்கல?"

எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அதைக் காட்டப் பிடிக்காமல் வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன்.

அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கொல்லைக்குப் போய், ஸ்டாண்டைக்கூட விரிக்காமல், சும்மா வால்ட்ஸை எடுத்தார். எனக்கா, கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்காது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழக்கம்போல என் பாட்டைப் பாடினேன், அதாவது செகண்டை. வெங்காயம் முடிந்து தக்காளிக்கு வந்தபோது ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வெளியே மெட்டு நிற்கவே இல்லை. மூன்றாவது வரியைத் தாண்டி, நான்காவதையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் ஆச்சரியத்தில் பாடுவதை விட்டேன். அடுத்த நிமிஷம் அங்கே விரல் கீழே போய்விட்டது.

சாக்ஸபோன் கழுத்தில் தொங்க அவர் உள்ளே ஓடி வந்தார்.

"ஏன் நிறுத்துன? பாடு, பாடு."

பாடினேன். அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் நின்று மெட்டைக் கடைசி வரைக்கும் வாசித்தார். நான் செகண்டில் இருந்ததால் விரலுக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. பஸ்ஸில் நம் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் நாம் அடுத்த சீட்டுக்குப் போவதில்லையா, அந்த மாதிரிதான்.

ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை வந்தது. வால்ட்ஸின் முடிவில் ஃபர்ஸ்ட் நின்ற பிறகும் செகண்ட் தன் கடைசி ஸ்வரத்தைத் தனியாக நீளப் பிடித்திருக்கும். "அத விட்டுரு. நான் முடிச்சதும் நீயும் முடிச்சிரு" என்றார்.

"ஏன்?"

"கச்சேரியில அதுக்குள்ள கைதட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அது யார் காதுலயும் வுழுந்ததில்ல."

"எங் காதுல வுழுந்திருக்கு. அது முடியிற வரைக்கும் நான் கைதட்டுனதில்ல" என்றேன். அவர் சாக்ஸபோன் வாயில் இருக்கிற ரீடைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

பாய்க்குப் போன் போனது. "பல்லு வலி சரியாப் போச்சா? அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னாராம்.

ஏற்பாடு சுலபம். மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் நான் உட்கார்ந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடுவது. கச்சேரி அன்றைக்குக் கடற்கரையில் போய்ப் பார்த்தால், முதல் வரிசையில் சோபா போட்டு முக்கியஸ்தர்களை உட்கார வைத்திருந்தார்கள். என்னை நாலாவது வரிசைக்குத் தள்ளினார்கள். காற்று வேறு மேடையிலிருந்து எங்கள் பக்கமாக அடித்தது. நான் உடுத்தியிருந்த பட்டு படபடவென்று அடித்துக்கொண்டது, நெஞ்சும்தான்.

பாய் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் பின்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து முன்னால் வந்தார். அந்த இடத்தில் அவர் நின்று நான் பார்த்ததில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சுண்டல்காரர்கூட நின்று பார்த்தார். மூன்றாவது வரி வந்ததும் நான் பாடினேன். என் குரல் என் மடியிலேயே விழுந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து என்னைக் காதால் தேடுவது தெரிந்தது. பிறகு வலது கை மூன்று விரலும் ஒன்றாகக் கீழே போயின.

செகண்ட் வந்தது. ஒரு இழுப்பு இழுத்தது, நின்றது. அவரும் நின்றார்.

கூட்டத்துக்கு அது பாட்டில் உள்ள இடைவெளி என்றே பட்டிருக்கும். எனக்கு அவர் முகம் தெரிந்தது. நான் எழுந்தேன். முக்கியஸ்தர் ஒருவர் காலை மிதித்து, கைப்பை தோளில் அடிக்க, பக்கவாட்டுப் படியில் ஏறி அவர் அருகில் போய் நின்றேன். எதிரே அத்தனை தலை.

"கீழ நான் இருக்கேன். நீங்க மெட்டுல போங்க" என்றேன்.

மைக் அதையும் ஊருக்குச் சொல்லிவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது வரியை முதலிலிருந்து எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, வெங்காயம் நறுக்குவதாக நினைத்துக்கொண்டு பாடினேன். பக்கத்தில் மெட்டு எழும்பிப் போனது. எத்தனையோ தடவை கேட்ட வால்ட்ஸ்தான். அவர் மூச்சில் அது வந்தது அன்றைக்குத்தான். டிக் போட்ட இடங்களில் அவர் மூச்சு எடுக்கிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. அந்த இடங்களில் நானும் எடுத்துக்கொண்டேன்.

மெட்டு முடிந்தது. சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். கைதட்டல் கிளம்பியது. நானும் நிறுத்திவிடலாம் என்று குரலைத் தாழ்த்தினேன்.

அவர் கையை உயர்த்தினார். பொறுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டினார். கைதட்டல் அங்கங்கே தடுக்கி நின்றது. கடற்கரையில் கடல் சத்தமும் என் சத்தமும் மட்டும் இருந்தன. அந்தக் கடைசி ஸ்வரத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். குரல் நடுங்கியது, கொஞ்சம் சுருதியும் விட்டது. அவர் சாக்ஸபோனை மார்போடு அணைத்தபடி, தலையைச் சாய்த்து, என்னைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

என் மூச்சு முடிந்தது. அதன் பிறகுதான் அவர் கையை இறக்கினார்.