பிரிகேடியரின் காது

பெல்க்ரேவ் எஸ்டேட் முதலாளி தன் நாயின் காதை வெட்டி அமெரிக்காவுக்கு அனுப்பப் போகிறார் என்ற செய்தியைக் கம்பவுண்டர் டக்ளஸ் கொண்டுவந்தபோது, நர்ஸ் கெஸியா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். மேல் லயத்துத் தொழிலாளர் வீடு ஒன்றில் பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் டிஸ்பென்சரிக்குத் திரும்பியிருந்தாள்.

"முழுக் காதையுமா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க சிஸ்டர், மிளகளவு ஒரு துண்டு. வயித்துத் தோல்ல இன்னொரு துண்டு. அதை வெச்சு அதே நாயைத் திரும்ப உண்டாக்கிருவாங்களாமுங்க. குளோனிங். பேப்பர்ல போட்டிருந்தானே, மொதல்ல ஆடு, இப்பப் பூனை. அடுத்து நாய்தானாமுங்க." தானே முன்னின்று செய்துமுடித்ததுபோல டக்ளஸின் முகத்தில் ஒரு பெருமிதம்.

கெஸியாவுக்கு மனிதர்கள் மேல் சட்டென்று கோபம் வராது. வருவது இளக்காரம்தான். பத்தொன்பது வருஷ எஸ்டேட் வேலையில் அது மூட்டுவலி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. டக்ளஸை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்து ஆனி மாதம். தேயிலை விலை விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சிக்கனம் என்று சொல்லி ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவில் பால் நின்றது. வாரம் ஒருதரம் வந்துகொண்டிருந்த டாக்டர் நின்றார். டிஸ்பென்சரி ஜெனரேட்டருக்கு டீசல் நின்றது. நிற்காமல் இருந்தவை தேவாலா மழையும், பங்களாவில் பிரிகேடியருக்காக வேகும் ஆட்டுக்கறியும்தான்.

பிரிகேடியர் பதினாலு வயது லாப்ரடார். கண் பூத்துப்போய், பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டு, படுத்த இடத்திலேயே நனைத்துக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமை காலை அதைப் பிடித்துக்கொள்ளக் கெஸியாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாய்க்குப் பழக்கமான கை வேண்டாம், சுத்தமான கை வேண்டும் என்று அந்த அமெரிக்கக் கம்பெனியின் புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

கூடலூரிலிருந்து மாட்டு டாக்டர் ஆறுக்குட்டி வந்திருந்தார். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, ரோஜா நிறத் தண்ணீர் அடைத்த இரண்டு சின்னப் புட்டிகளை வைத்திருந்தார்கள். முதலாளி சசிதரன் பக்கத்தில் நின்றார். கோயம்புத்தூர் மில்காரர் வீட்டுப் பிள்ளை. அறுபதை நெருங்கியவர். மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை.

"சிஸ்டர், இது சயின்ஸ். இந்தத் துண்டுல பிரிகேடியர் மொத்தமும் இருக்கான். குணம், நடை, என் ஜீப் சத்தம் கேட்டா எந்திரிக்கறது, எல்லாமே. கம்பெனிக்காரன் பத்திரமா உறைய வெச்சிருப்பான். ரெண்டு வருஷத்துல நாயைச் செய்யற வித்தை வந்துரும். அப்புறம் இவனே திரும்பி வருவான்."

"எந்த வயித்துலீங்க சார்?" என்றாள் கெஸியா.

சசிதரன் புரியாமல் பார்த்தார்.

"குட்டின்னா யாராச்சும் சுமக்கணுமில்லீங்களா?"

"அதுக்கு அவங்ககிட்ட பொட்டை நாய்ங்க இருக்கும்."

"எத்தனைங்க?"

"எத்தனைன்னா?"

"அந்த ஆட்டுக்கு இருநூத்தி எழுபத்தேழு தரம் முயற்சி பண்ணினாங்கன்னு படிச்சேனுங்க. தேறினது ஒண்ணு. நாய்க்கு எத்தனை வயித்தைக் கீறுவாங்க? குறையாப் பொறக்கறதை, செத்துப் பொறக்கறதையெல்லாம் என்ன பண்ணுவாங்க? அதெல்லாம் அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்குங்களா?"

சசிதரன் வழவழப்பான அந்தப் புத்தகத்தை நிஜமாகவே புரட்டினார். பச்சைப் புல்லில் ஒரு நாய் ஓடியது. ஒரு வெள்ளைக்காரக் குழந்தை அதைக் கட்டிக்கொண்டது. வயிறு எந்தப் பக்கத்திலும் இல்லை.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீங்க காலைக் கெட்டியாப் பிடிங்க," என்றார்.

ஆறுக்குட்டி காதில் ஒரு துண்டும் வயிற்றில் ஒரு துண்டும் எடுத்தார். நாய் முனகக்கூட இல்லை. முனகியது சசிதரன்தான். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு கணம் கெஸியாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு ஃபேக்டரித் தொழிலாளி ஒச்சப்பன் ஞாபகத்துக்கு வந்தான். சித்திரையில் ஃபேக்டரி உருளையில் அவன் விரல் இரண்டு துண்டானபோது, விரலைச் சுத்தமாகச் சுற்றி ஐஸில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓடிவிடலாம், ஜீப் கொடுங்கள் என்று இதே வராந்தாவில் நின்று கேட்டிருந்தாள். ஜீப்புக்கு டயர் சரியில்லை என்று பதில் வந்தது. விரல்களைக் கடைசியில் ஒச்சப்பனின் பெண்சாதி வாழைமரத்தடியில் புதைத்தாள்.

இரக்கம் போய்விட்டது. பழைய இளக்காரம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. புட்டிகளை மூடிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

அந்தப் புட்டிகள் ஐந்து நாளைக்குள் அமெரிக்கா போய்ச் சேர வேண்டும். அதுவரை குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஆனால் ஊட்டி ரோட்டில் மண் சரிந்து, கூரியர்காரனின் கார் வரும் வழியில்லை. கரண்ட் போய் மூன்று நாள். பங்களா ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது. எஸ்டேட்டிலேயே குளிர்ந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: டிஸ்பென்சரியில் இருந்த பழைய மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ். அதில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த தடுப்பூசி மருந்து இருந்தது. புதன்கிழமை ஊசி நாள்.

புதன்கிழமை காலை கெஸியா ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளே தடுப்பூசி இல்லை. நடுத்தட்டில், விரித்த பட்டுத்துணியின் மேல், அந்த இரண்டு புட்டிகள் மட்டும் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன.

"மருந்தெல்லாம் எங்க டக்ளஸ்?"

"முதலாளி நேத்து சாயங்காலம் அனுப்பிச்சாருங்க. வேற எதுவும் கூட வெக்கக் கூடாது, கிருமி ஒட்டிக்கும்னு சொல்லிட்டாருங்க. மருந்தைப் பத்திரமாத்தான் வெச்சிருக்கேன், மழை ஈரம் படாம." அவன் காட்டிய இடம், ஊசி வேக வைக்கும் விறகடுப்புக்கு மேலே இருந்த பலகை. அட்டைப்பெட்டியைத் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

"கம்பவுண்டருக்குப் படிச்சியா, காக்கா புடிக்கப் படிச்சியா?"

"நான் என்னங்க பண்றது, முதலாளி சொன்னாருங்க..."

"அவர் சொன்னா உன் காதையும் அறுத்துக் குடுப்பே."

டக்ளஸ் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வெளியே முப்பத்தொரு தாய்மார்கள் காத்திருந்தார்கள். பிள்ளைகளைக் கம்பளிக்குள் சுருட்டி, தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, வாரத்தில் கிடைக்கிற மூன்று நாள் வேலையில் ஒருநாளை விட்டுவிட்டு வந்தவர்கள். மழையால் ஊசி வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். டக்ளஸ் கையைப் பிசைந்துகொண்டு அதையே சொல்லச் சொன்னான். கெஸியா வாசலில் வந்து நின்று உள்ளதைச் சொன்னாள். மருந்து கெட்டுவிட்டது. ஃப்ரிட்ஜில் முதலாளி வீட்டு நாயின் காது இருக்கிறது. அதிலிருந்து இன்னொரு நாய் செய்யப் போகிறார்கள்.

யாரும் நம்பவில்லை. நர்ஸம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். முன்னால் நின்ற சின்னம்மைதான் கேட்டாள். பத்து வயதில் இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். எஸ்டேட் நர்சரியில் தேயிலை நாற்றுப் போடுபவள். மடியில் ஒன்பது மாதப் பெண் குழந்தை, மணல்வாரி அம்மை ஊசிக்கு வந்திருந்தது.

"மெய்யாவா நர்ஸம்மா? கண்ணால பாக்கலாமா?"

கெஸியாவுக்குத் தெரியும். அந்தக் கிழட்டு ஃப்ரிட்ஜின் கதவை ஒருமுறை திறந்தால் உள்ளே ஏறும் சூடு இறங்க அரைமணி ஆகும். பத்தொன்பது வருஷமாக, காலையிலும் மாலையிலும் அதன் சூட்டைப் பார்த்து அட்டையில் எழுதிவருகிறவள் அவள்தான்.

"பாக்கணும்னா வந்து பாருங்க," என்றாள். "ஒவ்வொருத்தரா வாங்க."

கோயிலுக்குள் போவதுபோல் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கெஸியாவே கதவைத் திறந்து காட்டி, மூடினாள். சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி பிள்ளைக்கு விரல் நீட்டிக் காட்டினாள். சின்னம்மை குனிந்து நிதானமாகப் பார்த்தாள்.

"இதென்ன பெரிய வித்த? அஞ்சாம் நம்பர் மலையில நாம வச்சது அத்தனையும் ஒரே தாய்ச்செடி. ஒரு எலையும் கணு அளவு குச்சியுமா நானே வெட்டிப் பையில நட்டேன். இந்தாண்ட சரிவுல செழிச்சுது, அந்தாண்ட சரிவுல அம்புட்டும் கொப்புளம் வந்து கருகிருச்சு. மண்ணு வேற, தண்ணி வேற, அதான். தொரைக்கு அதுகூட வெளங்கலியா?" பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தாள். "இதுக்கா எம் புள்ள ஊசி போச்சு?"

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குத் தொற்றியது. சாக்கு போர்த்திய முப்பத்தொரு பெண்கள் சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனார்கள். கெஸியா ஃப்ரிட்ஜின் சூட்டைப் பார்த்தாள். பதினாறு டிகிரி. பதினாறு என்றே அட்டையில் எழுதினாள். சுகாதார நிலையத்துக்கும் ஒரு கடிதம் எழுதினாள்: நாயின் காதை வைப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டதால் மருந்து கெட்டது. டக்ளஸ் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை வழி திறந்து, புட்டிகள் போயின. அன்று மாலையே பிரிகேடியர் செத்தது. ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் அதற்குக் கல்லறை கட்டினார்கள். அதற்குச் சிமெண்டு இருந்தது.

மறுபடி தடுப்பூசி மருந்து வர ஐந்து வாரம் ஆயிற்று. நாலாவது வாரத்தில் லயத்தில் மணல்வாரி கிளம்பியது. இரண்டு பிள்ளைகளுக்கு லேசாக வந்து போனது. சின்னம்மையின் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, கூடலூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தது. கெஸியா லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் விலா உள்ளே ஒடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளியையோ டக்ளஸையோ திட்டத் தோன்றவில்லை. கரண்ட் இல்லாத எஸ்டேட்டில் அந்தப் புட்டிகள் எங்கே வந்து சேரும் என்று திங்கட்கிழமையே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்தால் போதும். எல்லோரையும் கேவலமாக நினைத்துக்கொண்டு குடை பிடித்து நடந்ததில் அது தோன்றவில்லை. சின்னம்மையிடம் அதைச் சொன்னாள்.

"நீங்க பூட்டுனா அவுக ஒடச்சிருப்பாக," என்றாள் சின்னம்மை. ஆனால் கெஸியா மேல் தப்பில்லை என்று சொல்லவில்லை.

பதினோராம் நாள் குழந்தை வாய் திறந்து பசிக்கு அழுதது.

புரட்டாசியில் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. வந்த துண்டுகளில் உயிருள்ள செல் எதுவும் வளரவில்லை, வழியில் சூடுபட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சசிதரன் கெஸியாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஃப்ரிட்ஜை யாராச்சும் திறந்தீங்களா?"

"நான்தாங்க சார். முப்பத்தொரு தரம்."

அவர் முகம் சிவந்தது. "உங்களுக்கெல்லாம் பாசம்னா என்னன்னு தெரியுமா? ஒரு உயிரைங்க, ஒரு உயிரை நீங்க..." சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். நிஜமான துக்கம்தான். அதுதான் கெஸியாவுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நிஜமான துக்கம் இவ்வளவு சின்ன இடத்தில் அடங்கிவிடுகிறதே என்றிருந்தது.

அப்போது உள்ளேயிருந்து ஒரு நாய்க்குட்டி தடுமாறிக்கொண்டே ஓடிவந்து அவர் செருப்பைக் கடித்தது. வெண்ணெய் நிறம். குன்னூரில் யாரிடமோ வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காக்காரன் பதில் எழுதுவதற்கு முன்பே வந்துவிட்டது.

"இதுக்குப் பேரு என்னங்க சார்?"

சசிதரன் குனிந்து செருப்பை விடுவித்தார். "பிரிகேடியர்."

கெஸியா சிரித்துவிட்டாள். அடக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. வராந்தா முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். உள்ளே இருந்த சமையல்காரன் எட்டிப் பார்த்தான். குட்டி குரைத்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்ததை அவர் மன்னித்திருக்கலாம். சிரித்ததை மன்னிக்கவில்லை; வேலையை விட்டு நிறுத்தினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டால் குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்று சர்ச் பாஸ்டர் வந்து சொன்னதும் அந்தச் சிரிப்புக்காகத்தான்.

"சிரிப்பு வந்துருச்சுங்க பாஸ்டர். வேணும்னா மறுபடி போயி, மூஞ்சியை இறுக்கமா வெச்சுட்டு நிக்கறேன். ஆனா அந்தக் குட்டி வந்தா சிரிப்பேனுங்க."

பாஸ்டர் ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார்.

ஐப்பசி முதல் வாரம் கெஸியா குவார்ட்டர்ஸைக் காலி செய்தாள். கூடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் பிரசவ வார்டுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஒச்சப்பன் மூன்று விரல் கையால் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தான். சின்னம்மையும் வந்தாள். குழந்தை இன்னும் மெலிவாகத்தான் இருந்தது. கெஸியா அதைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் எடை பார்ப்பதுபோல் இருமுறை தூக்கிப் பார்த்தாள்.

"சாப்பிடறாளா?"

"திங்கிறா. மண்ணையும் சேத்துத் திங்கிறா."

"பூச்சி மருந்து குடுக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா."

பஸ் வந்தது. ஒச்சப்பன் பெட்டியைத் தூக்கி உள்ளே தள்ளினான்.