கூடுதலாக ஓர் எலும்பு

வலது காலில் கட்டியிருந்த மூங்கில் பத்தையை டாக்டர் எலிசபெத் அவிழ்த்தபோது, காய்ந்துபோன உளுந்துமாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் தோலோடு உரிந்து வந்தன. சாரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வரப்பில் கால் மடங்கி விழுந்த நாளிலிருந்து இந்த வேதனை. பாதத்தின் உட்புறம், கணுக்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்திருந்ததைத் தடவிப் பார்த்த நாட்டு வைத்தியர், எலும்பு முறிந்து துருத்தி நிற்கிறது என்று அழுத்திக் கட்டிவிட்டார். வலிதான் கூடியது, புடைப்பு அமுங்கவில்லை.

டாக்டர் அந்த இடத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். "அக்கா, இடது காலையும் காட்டுங்க."

அதிலும் அதே இடத்தில் அதே புடைப்பு.

"முறிவும் இல்ல, பிசகும் இல்ல. சில பேருக்கு அங்கன கூடுதலா ஒரு சின்ன எலும்பு இருக்கும். பிறவியிலேயே உள்ளது. நெறைய பேருக்கு அது இருக்கதே தெரியாது. நீங்க விழுந்ததுல நோவு கண்டுட்டு. கொஞ்ச நாள் நடக்காம இருங்க. ஆறலைன்னா கீறி எடுத்துரலாம்."

நடக்காமல் இருப்பது எப்படி என்று சாரம்மாளுக்குத் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் மிஷன் வேலை அவளுக்கு. நடந்தால்தான் நாலு பேர் முகத்தைப் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் அவள் தங்கியிருந்த அறையில் பாயும் ஒரு பெட்டியும் மட்டுமே காத்திருந்தன.

"இது குடும்பத்துல வர்றது. உங்க அம்மாவுக்கா, அய்யாவுக்கா?" என்று கை கழுவியபடி டாக்டர் கேட்டாள்.

தாது வருஷப் பஞ்சத்தில் தாமிரபரணி மணலில் கிடந்த பிள்ளையை மிஷன்காரர்கள் தூக்கி வந்தார்கள். சாரம்மாள் என்பதுகூட விடுதியில் வைத்த பெயர். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடையே தன் மூக்கைப் போல ஒரு மூக்கு இருக்கிறதா என்று சிறுவயதில் தேடியிருக்கிறாள். பிறகு அந்த நினைப்பே விட்டுப்போயிற்று.

"தெரியாது டாக்டரம்மா. நான் பஞ்சத்துல கிடைச்ச பிள்ளை."

டாக்டர் துண்டில் கையைத் துடைத்தாள். பிறகு பைய சொன்னாள். "பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கும்க்கா. இதை வச்சு யாரையும் கண்டுபிடிச்சிர முடியாது."

அவள் சொன்னது சாரம்மாளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கோவிலில் நற்கருணைக்கு முழங்கால்படியிட்டவர்களின் பாதங்களில் கண் போய் நின்றது. படித்துறையில் துணி துவைப்பவர்களின் கால்களைப் பார்த்தபடி நின்று, ஒருத்தியிடம் ஏச்சும் வாங்கினாள். நோவு முழுதாக விடாதபோதும், எலும்பைக் கீறி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பெற்றவள் தந்ததென்று அவளிடம் வேறு எதுவும் இல்லை.

தூர நடை ஆகாதென்று மிஷனில் அவளை மேலப்பாளையத்துக்கு மாற்றினார்கள். அங்கே நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பிற்பகலில், அப்படி ஒரு வீட்டில், அவளைவிடச் சற்று மூத்தவளான ஜனாபா காலை நீட்டி உட்கார்ந்து நூல் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். சாரம்மாளின் ஊசி பாதித் தையலில் நின்றது. ஜனாபாவின் பாதத்தில், அதே இடத்தில், அதே புடைப்பு.

"உங்க வீட்ல... பஞ்சத்துல பிள்ளை ஏதும் தவறிப்போச்சா?"

"இல்லம்மா. எங்க பூர்வீகம் காயல்பட்டினம். பஞ்சம் வந்ததும் வாப்பா எங்க எல்லாத்தையும் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. ஒருத்தரையும் பறிகொடுக்கல, அல்லா காப்பாத்தினான். ஏன் கேக்குதீய?"

சாரம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். சேலையை மெல்ல உயர்த்தித் தன் காலை நீட்டினாள்.

"யா அல்லா, என் கால் மாதிரில்லா இருக்கு!" ஜனாபா சிரித்தபடி நூலை ஒதுக்கிவிட்டு நகர்ந்து வந்து, தன் பாதத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் தொட்டாள். "இங்கனயா நோவுது?"

"ஆமா."

"எனக்கும் சின்னதுல நோவும். உம்மா எண்ணெய் தேச்சு விடுவா. பொறுங்க."

அவள் உள்ளே போய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. சாரம்மாள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், இழுக்கவில்லை. தறி ஓடும் சத்தம் பின்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஜனாபாவின் கட்டைவிரல் அந்தச் சின்ன எலும்பைச் சுற்றிச் சுற்றி வந்தது.