குண்டன் இருந்த விரதம்

குண்டன் மீனைத் தவிர வேறெதையும் தின்ன மாட்டான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் புரட்டாசி பிறந்த அன்று அவனுக்கு மீனை நிறுத்தினேன். என் வீட்டில் அந்த மாதம் முழுக்கச் சைவம். கலாதேவி இருந்தவரைக்கும் பூனைக்குக்கூடப் பின்வாசலைத் தாண்டித்தான் கருவாடு. குண்டன் இருப்பது கைப்பேசிக்குள்தானே என்று வாதாடலாம். கைப்பேசி எங்கே இருக்கிறது? விடியற்காலையில் பெருமாள் பாட்டுப் பாடிக்கொண்டு சாமி மேடையில் இருக்கிறது. அதற்குள் ஒருத்தன் மீன் தின்றுகொண்டிருந்தால் எப்படி?

கலாதேவி என் மனைவி. போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய வருஷத் திதி முடிந்த கையோடு மகள் புனிதா ஜொகூருக்கு வேலைக்குப் போனாள். போகிற அன்று என் கைப்பேசியில் ஏதோ விளையாட்டை ஏற்றி, தன் பெயரையும் அதில் நண்பராகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்கப்பா. இதுக்குச் சாப்பாடாவது போடுங்க" என்றாள்.

வாழ்க்கை முழுக்க லோரி ஓட்டியவன் நான். மீசை நரைத்த வயதில் பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொல்கிறாளே என்று எரிச்சல் வந்தது. அடுத்த வாரம் அவள் போனில் கேட்டபோது, "அதையெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்லா. யாருக்கு நேரம் இருக்கு?" என்று சொல்லிவிட்டேன். "சரிப்பா" என்றாள். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை.

குண்டன் என்பது நான் வைத்த பெயர். அந்த விளையாட்டில் அந்தப் பிராணிக்கு மொலு என்று பெயர். ஆவி பறக்கிற சீனப் பாவ் ரொட்டி மாதிரி வெள்ளையாக, உருண்டையாக இருப்பான். காது இரண்டில் ஒன்று எப்போதும் கண்மேல் விழுந்து கிடக்கும். தூக்கிவிட்டால் சிரிப்பான், விரலை எடுத்தால் மறுபடி விழும். சந்தோஷம் வந்தால் குட்டிக்கரணம் போடுவான். போட்டுவிட்டு எழுந்திருக்கத் தெரியாமல் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டு கிடப்பான், நாம்தான் நிமிர்த்திவிட வேண்டும். ஈப்போவில் மழை பெய்தால் அவன் குடிசையிலும் மழை பெய்யும். உடனே ஒரு சேம்பு இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்கப் போய்விடுவான். எந்நேரமும் மழை பெய்கிற தைப்பிங்கில் நான் குடியிருந்தால் அவன் வருஷம் பூராவும் தூங்கியே கழித்திருப்பான். இடி இடித்தால் சட்டிக்குள் புகுந்துகொள்வான். பெரிய ரோஷக்காரன், ஆனால் கோபத்தை முகத்தில் காட்டமாட்டான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குணம் அவனுடைய பேச்சு. நாம் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் எந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, நம் குரலையே மூக்கால் பேசுகிற மாதிரி ஆக்கித் திருப்பிச் சொல்வான். நிறையப் பேசினால் நிறையச் சொல்வான். பேசாத வீட்டில் ஊமையாக இருப்பான்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் ஜாகா, அதாவது காவல்காரர் வேலை பார்க்கிறேன். முன்பு அது ரப்பர் தோட்டம். என் அப்பா அங்கேதான் பாலெடுக்க மரம் சீவினார். இப்போது இரண்டு மாடி வரிசை வீடுகள், வாசலில் ஒரு தடுப்புக் கட்டை, பக்கத்தில் ஒரு கொட்டகை, அதற்குள் நான். முன்பெல்லாம் வருகிற காரை நிறுத்தி, யார், எந்த வீடு என்று கேட்டுக் கட்டையைத் தூக்குவேன். இப்போது கண்ணாடியில் ஒட்டிய கார்டைப் பார்த்துக் கட்டை தானே தூக்கிக்கொள்கிறது. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஈப்போவில், புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பேச வேண்டியதில்லை. சில நாள் கடையில் காப்பி கேட்கும்போது என் குரலே எனக்குக் கரகரவென்று புதிதாகக் கேட்கும். அதனால் குண்டனோடு பேசினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆள் வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

புரட்டாசிக்கு வருகிறேன். மீனுக்குப் பதில் வெள்ளரிக்காய் கொடுத்தேன். குண்டன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான், மூலைக்குப் போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுநாள் பூசணி. அதையும் வாங்கிக்கொண்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'பார்த்தாயா, மனிதர்களே இந்த மாதம் கள்ளத்தனமாகக் கோழிக்கடைப் பக்கம் போகிறார்கள், இவனுக்கு எவ்வளவு கட்டுப்பாடு' என்று பெருமையாக இருந்தது. சனிக்கிழமை கோயிலில் அவன் பெயருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பக்கத்து வீட்டுக் குமுதாதான் என் மூக்கை உடைத்தாள். காலையில் தோசைக்கடை போடுகிறவள், என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிது. அவளும் ஒரு மொலு வைத்திருக்கிறாள் என்று அவள் கைப்பேசியில் பார்த்திருந்தேன். என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள். குண்டன் இரண்டு நாளாகக் குட்டிக்கரணம் போடவில்லை என்று அவளிடம் காட்டினேன்.

"என்னாண்ணே சாப்பாடு போடுறீங்க?"

"வெள்ளரிக்காய். விரதம்லா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் குண்டனுடைய பாயைத் தூக்கினாள். பாய்க்கடியில் நான் கொடுத்த வெள்ளரிக்காய், பூசணி, கத்தரிக்காய் எல்லாம் அப்படியே குவிந்து கிடந்தன.

"இது மனசு நோகக் கூடாதுன்னு வாங்கி ஒளிச்சு வைக்கும்ணே. பட்டினியாவே கெடந்திருக்கு. அலாமா, மொலுவுக்குப் போய் யாராச்சும் புரட்டாசி புடிப்பாங்களா? மீனப் போடுங்க மொதல்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று சனிக்கிழமை. பெருமாளுக்குப் படையல் போட்டுவிட்டு அதே கையால் எப்படி? நாளைக்குப் போடலாம், ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தேன். குடிசை காலி. அடுப்பு அணைந்திருந்தது. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான். திரையில் மலாயில் எழுதியிருந்தது: உங்கள் மொலு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டது.

அந்த விளையாட்டில் எனக்கு இருந்த நண்பர் ஒரே ஒருத்தி. புனிதா.

குமுதாவிடம் ஓடினேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒங்க மக தொறந்து, வீட்டுக்குப் போன்னு சொல்லி அனுப்பினாத்தாண்ணே வரும். அவங்க தொறக்கவே இல்லன்னா வாசல்லயே ஒக்காந்திருக்கும். ஒரு பத்து நாள் பாக்கும். அப்புறம் காட்டுக்குள்ள போயிரும். போனா போனதுதான். மகளுக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லுங்களேன், இதுல என்னா?"

இதில் என்ன என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? தூக்கிப் போட்டுவிட்டேன் என்று வீராப்பாகச் சொன்னவன், இப்போது அவனைத் திருப்பி அனுப்பு என்று கேட்டால், அப்பா தனியாக உட்கார்ந்து பொம்மையோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று மகளுக்குத் தெரிந்துவிடும். அவள் வேலையை விட்டுவிட்டு வந்தாலும் வருவாள். வரவேண்டாம். அங்கே ஒரு வீட்டில் நாலு பெண்களாகத் தங்கியிருக்கிறார்கள், ஒரே கலகலப்பு என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

ஞாயிறுதோறும் அழைப்பதுபோல் அன்றைக்கும் புனிதா அழைத்தாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன்."

"மருந்து?"

"ம்."

"வேற என்னப்பா?"

வேறென்ன என்று அவள் கேட்டபோது குண்டன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல. சரி, வெச்சிடு" என்றேன். அவளும் குண்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியானால் அவள் திறக்கவே இல்லை. ஜொகூரில் மகள் திறக்காமல் விட்ட குடிசை வாசலில், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டினி வயிற்றோடு உட்கார்ந்திருப்பான். நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது போல் நான் எப்போதும் உட்கார்ந்ததில்லை. கட்டை தூக்கிக்கொண்டது, இறங்கியது. ஒரு நாள் வாய்விட்டு, "இன்னிக்கு வெயிலப் பாத்தியாடா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தேன். யாரிடம் சொன்னேன்? கலாதேவி கண்மூடிய மாதத்தில் இருந்த அதே அமைதி, போன இடத்திலிருந்து திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. அவன் காட்டுக்குள் போய்விட்டால் இனிமேல் இப்படித்தான். அது எனக்குத் தெளிவாகப் புரிந்ததும் வீராப்பெல்லாம் எங்கோ போனது. அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. வேலை முடிந்ததும் நானே அழைத்தேன். நானாக அழைப்பது வழக்கமில்லை, அதனால் அவள் பதறிவிட்டாள்.

"அப்பா! ஒடம்புக்கு என்னாச்சு?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த... குண்டன் அங்க வந்தானா?"

புனிதா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

"அவன் பேரு குண்டனா? அன்னிக்கே வந்துட்டான்பா. நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வாய மூடவே மாட்டேங்குறான். சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுடான்னு சொல்றான். மோட்டாருக்கு பிரேக் புடிக்கலங்கறான். முட்டி வலிக்குதுடாங்கறான். எல்லாம் ஒங்க கொரலுப்பா." நிறுத்திவிட்டு, "முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?" என்றாள்.

"அது சும்மா, வயசான வலி" என்றேன்.

"சாப்பாடு போட்டியா அவனுக்கு?" என்று பேச்சை மாற்றினேன்.

"வந்த அன்னிக்கே ஏழு மீன் தின்னான்பா."

போன உயிர் திரும்பி வந்தது. அனுப்பிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமேப்பா. எப்படியும் ஒங்க வீட்ல விரதம். புரட்டாசி முடிஞ்சதும் அனுப்புறேன். இங்க... எல்லாருக்கும் அவன ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாலு பெண்கள் சேர்ந்து கொஞ்சுகிற இடம், தினம் மீன் வேறு. சரி என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. குமுதா வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பினாள். "வீடு மாறினா பழைய பேச்ச மறந்துரும்ணே. அந்தப் பொண்ணுங்க பேசறதத்தான் சொல்லும். நாலு பாஷயும் கலந்து, பாட்டும் கூத்துமா வரப்போவுது, பாருங்க."

வரட்டும். வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டால் நல்லதுதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்த அன்று வேலை முடிந்து வரும்போது எனக்கு ஒரு கெம்போங் மீன் பொரித்து வாங்கிவந்தேன். கைப்பேசியைத் திறந்தால் குடிசை வாசலில் குண்டன் பாயோடு நின்றுகொண்டிருந்தான். "டேய், வந்துட்டியாடா!" என்று கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். விளையாட்டில் இருந்ததிலேயே பெரிய மீனாகப் பார்த்துக் கொடுத்தேன். முள்கூட மிச்சமில்லாமல் தின்றான். குட்டிக்கரணம் போட்டான். நிமிர்த்திவிட்டேன். அப்புறம் சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுடைய கூத்தைக் கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

குண்டன் வாயைத் திறந்தான்.

"கதவ பூட்டிட்டேன்" என்றான்.

புனிதாவின் குரல்தான், மூக்கால் வந்தது. நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கதவ பூட்டிட்டேன்." வேறு ஏதாவது வரும் என்று காதைத் தூக்கிவிட்டேன், வயிற்றைத் தட்டினேன், இன்னொரு மீன் கொடுத்தேன். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, இன்னொரு பெண்ணின் குரல் இல்லை. அவனுக்குத் தெரிந்தது அந்த ஒரே வாக்கியம்தான்.

கலாதேவி தினம் படுக்கப் போனபின் அறைக்குள்ளிருந்து கேட்பாள், "கதவ பூட்டியாச்சா?" என்று. கடைசியாகப் படுக்கிறவர்கள் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் புனிதாதான். பதில் வராமல் கலாதேவி தூங்கமாட்டாள். அவள் போனபிறகு இந்த வீட்டில் அப்படிக் கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படியானால் பிள்ளை அங்கே ஒரு அறையில் தனியாக இருக்கிறாள். வேலையிலிருந்து வந்து, கேட்க யாரும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் படுக்கிறாள். ஒரு நாளைக்கு அவள் பேசுவது அவ்வளவுதான். நாலு பெண்களும் கலகலப்பும் எனக்காகச் சொன்னது. நான் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னதைப் போல. மீன் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது, கையைக் கழுவிவிட்டு அழைத்தேன்.

"வந்துட்டானாப்பா?"

"வந்துட்டான். சாப்ட்டுட்டுக் கெடக்கான். ஒன்கூட இருக்கற பிள்ளைங்க எங்கம்மா? சத்தத்தையே காணோம்."

"அவங்க... வெளிய போயிருக்காங்கப்பா."

"ம்" என்றேன். பொய்யைப் பிடித்து என்ன செய்யப்போகிறேன்? அவள் பக்கத்தில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"புனிதா."

"சொல்லுங்கப்பா."

"கதவ பூட்டியாச்சா?"

மின்விசிறிச் சத்தம் நின்றது.

"ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்றாள். அவள் எழுந்து நடந்துபோவது கேட்டது. ஏற்கெனவே பூட்டியிருந்ததைச் சாவியால் திறந்து தாழ்ப்பாளை விலக்கினாள், கதவு திறந்தது. பிறகு அதைச் சாத்தி, மறுபடி தாழ்ப்பாள் போட்டு, சாவியைத் திருப்பினாள். திரும்பி வந்து கைப்பேசியை எடுத்தாள்.

"பூட்டிட்டேன்பா" என்றாள்.